கோவையில் கடை, அலுவலகம், குடோன்: வாடகைக் கேள்விகளுக்குப் பதில்

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோவையில் கடைகளையும் அலுவலகங்களையும் அளந்து, பேசி, ஒப்பந்தம் எழுதி முடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உதாரணமாகச் சொல்லும் வாடகைத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். உங்கள் தெரு நிலவரம் உங்கள் தெருவில்தான் தெரியும்.

கேள்வி (பீளமேட்டில் கடை வைத்திருப்பவர்): ஐயா, அவிநாசி ரோடு மேம்பாலம் திறந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது என்று என் வாடகைதாரர் சொல்கிறார். 60,000 ரூபாய் வாடகையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். குறைக்கலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையா என்பது உங்கள் கடை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளம். பாலத்துக்குக் கீழே இருக்கும் எல்லாக் கடைகளுக்கும் ஒரே கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபரில் பாலம் திறந்ததும் மேலே ஏறிப் போன வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பும் உங்கள் கடை வாசலில் நின்றவை அல்ல. விமான நிலையத்துக்கு ஓடும் கார் எந்தக் காலத்தில் பீளமேட்டில் நின்று சட்டை வாங்கியது?

போகிற வழியில் நிற்பவர்களை நம்பிய கடைகளுக்குத்தான் அடி: டீக்கடை, பேக்கரி, பஞ்சர் கடை. தேடி வருகிறவர்களை நம்பிய கடைகளுக்கு, அதாவது பல் மருத்துவமனை, கண்ணாடிக் கடை, ஷோரூம் போன்றவற்றுக்கு, கீழ்ச்சாலையில் நெரிசல் குறைந்தது நன்மையே. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஏறுதளமோ இறங்குதளமோ நேர் எதிரே அமைந்துவிட்ட கடைகள். அங்கே தடுப்புச் சுவர் சாலையைக் குறுக்கிவிடுகிறது, இறங்கும் வண்டி வேகம் குறையாமல் வருகிறது, வாசலில் ஸ்கூட்டரைக் கூட நிறுத்த முடிவதில்லை. ஹோப் காலேஜ் அருகே அப்படி ஒரு கடை வாசலில் இரண்டு நாள் மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை நின்று எண்ணினேன். நிற்கலாம் என்று வேகம் குறைத்த பல வண்டிகள், பின்னால் வந்தவர்களின் ஹாரன் சத்தத்தில் நகர்ந்து போய்விட்டன. உங்கள் கடை இந்த வகை என்றால் வாடகைதாரர் பொய் சொல்லவில்லை.

கணக்கையும் பாருங்கள். 10 சதவீதம் என்பது மாதம் 6,000. மூன்று ஆண்டுக்கு 2,16,000. அவர் காலி செய்து கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தால் 2,40,000 போய்விடும். புதியவரைப் பிடிக்கத் தரகு, வெள்ளையடிப்பு எல்லாம் தனி. வாடகை ஒழுங்காகக் கொடுத்து வந்தவர் என்றால், ஓராண்டுக்கு மட்டும் குறைப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலை தோண்டிக் கிடந்த ஆண்டுகளில் தாக்குப்பிடித்த வாடகைதாரரை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி (சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்): சரவணம்பட்டியில் இரண்டு அலுவலகங்கள் பார்த்தோம். ஒன்று 2,000 சதுர அடி, அடிக்கு 38 ரூபாய். இன்னொன்று 1,600 சதுர அடி, அடிக்கு 46 ரூபாய். முதலாவது மலிவு, அதையே முடித்துவிடலாம்தானே அண்ணா?

பதில்: பொறுங்கள் தம்பி. இரண்டு இடத்துக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரிலிருந்து சுவர் வரை உள்ளளவு எடுங்கள். சொல்லப்படுவது சூப்பர் பில்ட் அப் அளவு. படிக்கட்டு, லிப்ட், வராந்தா, ஜெனரேட்டர் அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதற்குள் இருக்கிறது. இரண்டிலும் நாற்காலி போடக் கிடைப்பது 1,300 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்துக்கு 76,000 கொடுக்கிறீர்கள், உள்ளளவில் அடிக்கு 58 ரூபாய்க்கு மேல் விழுகிறது. இரண்டாவதற்கு 73,600, அடிக்கு 57 ரூபாய்க்குள். மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது. பராமரிப்புக் கட்டணமும் சூப்பர் பில்ட் அப் அளவில்தான் போடுவார்கள். அடிக்கு 8 ரூபாய் என்றால் மாதம் 16,000-க்கும் 12,800-க்கும் உள்ள வித்தியாசம் வேறு.

அளக்கும்போது தூண்களையும் எண்ணுங்கள். அறை நடுவே ஒன்றரை அடித் தூண் இரண்டு நின்றால் ஒரு வரிசை மேசை போயிற்று.

கேள்வி (விளாங்குறிச்சியில் 6 சென்ட் மனை வைத்திருப்பவர்): இந்தப் பக்கம் ஐடி நிறுவனங்கள் நிறைய வருகின்றன. மூன்று மாடி அலுவலகக் கட்டடம் கட்டினால் பெரிய நிறுவனம் எடுக்குமா?

பதில்: எடுக்காது. 2010-ல் டைடல் பார்க் வந்தது. 2024 நவம்பரில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் புதிய கட்டடம் கிட்டத்தட்ட மூன்று லட்சம் சதுர அடியில் திறக்கப்பட்டது. அதே விளாங்குறிச்சியில் 20 லட்சம் சதுர அடியில் இன்னொரு தொழில்நுட்பப் பூங்காவை 2024-25 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கீரணத்தம், சரவணம்பட்டிப் பக்கம் தனியார் பூங்காக்கள் வேறு. பெரிய நிறுவனம் ஒரே தளத்தில் பல்லாயிரம் சதுர அடி கேட்கும். முழு மின் மாற்று ஏற்பாடும் தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்கும். உங்கள் மனையில் தளத்துக்கு 1,500 சதுர அடி கிடைத்தாலே அதிகம்.

ஆனால் அந்தப் பூங்காக்களுக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பல் மருத்துவர் வேண்டும், ஆடிட்டர் வேண்டும், குழந்தைக்குப் பயிற்சி வகுப்பு வேண்டும். அவர்களுக்காகக் கட்டுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஒட்டும் ஆசை மட்டும் வேண்டாம். மேற்கு வெயில் இறங்கும் கண்ணாடிக் கட்டடத்தின் ஏசி பில்லைப் பார்த்துக் காலி செய்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் லிப்டும், தளத்துக்கு இரண்டு கழிப்பறையும், கீழே வண்டி நிறுத்தமும் செய்யுங்கள்.

கேள்வி (ரேஸ்கோர்ஸ், கணவர் விட்டுச்சென்ற கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்): மாதம் 90,000 வாடகை வருகிறது. வாடகைதாரர் ஒரு நிறுவனம். ஜிஎஸ்டி 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று சொல்லி, அதை என் வாடகையில் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. என்ன செய்வது?

பதில்: அம்மா, பிடிக்க விடாதீர்கள். உங்கள் வாடகை ஆண்டுக்கு 10,80,000. வேறு வாடகையும் தொழில் வரவும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத உரிமையாளரிடமிருந்து பதிவு பெற்ற ஒருவர் வணிகக் கட்டடம் வாடகைக்கு எடுத்தால், வரியை வாடகைதாரரே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் வாடகைக்கு அது 16,200 ரூபாய். அது வாடகைக்கு மேல் அவர்கள் கட்டுவது, உங்கள் 90,000-லிருந்து எடுப்பது அல்ல. அவர்கள் வரி விதிப்புக்குரிய வியாபாரம் செய்கிற நிறுவனம் என்றால், கட்டிய அதே தொகையை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். நஷ்டம் இல்லை. இணக்கமுறைத் திட்டத்தில் (கம்போசிஷன், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு மட்டும் அந்த வரவு கிடையாது. அதனால்தான் 2025 ஜனவரி 16 முதல் அவர்களை இந்த விதியிலிருந்து விலக்கினார்கள்.

அவர்கள் முறையாகப் பிடிக்கக்கூடியது வேறொன்று இருக்கிறது: வருமான வரிக்கான டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி. நிறுவனம் என்பதால், மாத வாடகை 50,000-ஐத் தாண்டும்போது 10 சதவீதம், அதாவது 9,000 ரூபாய் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார்கள். ஆண்டு முடிவில் உங்கள் வரிக் கணக்கில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு 30 சதவீதம் நிலையான கழிவும் உங்களுக்கு உண்டு. பழுது பார்த்ததற்கான பில் எதையும் காட்ட வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த மாதமும் இதே பேச்சு வரும்.

கேள்வி (காந்திபுரம்): 11 மாதத்துக்கு எழுதினால் பதிவே தேவையில்லை என்கிறார் புரோக்கர். சரிதானா? அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: பழைய பழக்கத்தில் சொல்கிறார். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 11 மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் கட்டாயம். உள் அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யப் போகிறவர் 11 மாதத் தாளை நம்பி இறங்கவே கூடாது. ஐந்து ஆண்டாவது எழுதுங்கள்.

அட்வான்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைதான் சட்டத்தில் உள்ள வரம்பு. நம் ஊரில் பத்து மாதம் கேட்பது வழக்கம். ஒப்புக்கொண்டு எழுதினால் செல்லும். திருப்பித் தரும் நாளையும் அதிலேயே எழுதுங்கள்.

கேள்வி (சத்தி ரோட்டில் கடை வாங்க நினைப்பவர்): மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று சொல்லி விலை ஏற்றிக் கேட்கிறார்கள்.

பதில்: அவிநாசி ரோடும் சத்தி ரோடும் மெட்ரோ திட்டத்தில் இருந்த வழித்தடங்கள்தான். ஆனால் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. இன்று அந்தக் கடைக்கு என்ன வாடகை கிடைக்குமோ அதை வைத்து விலை பேசுங்கள். ரயிலுக்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வெளிநாட்டிலிருந்து): புதிதாகக் கட்டும் வணிக வளாகத்தில் 40 லட்சத்துக்குச் சின்னக் கடை வாங்கினால், இரண்டு ஆண்டுக்கு 12 சதவீத வாடகை உறுதி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அதே அளவுக் கடை பக்கத்து வளாகத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். 30 லட்சம் என்றால் கதை புரிந்துவிடும். இரண்டு ஆண்டில் உங்களுக்கு வருவது 9,60,000. கூடுதலாக நீங்கள் கொடுத்தது 10 லட்சம். உங்கள் பணத்தையே உங்களுக்கு மாதத் தவணையில் தருகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது 3,60,000, தனிச் செலவு. மூன்றாம் ஆண்டு அந்த மாடியில் யார் கடை நடத்துவார், என்ன கொடுப்பார் என்று கேளுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் வாங்கிச் சரிபாருங்கள்.

கேள்வி (சூலூர்): தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மரத்தை வெட்டிவிட்டு குடோன் கட்டினால் நல்ல வாடகை என்கிறார்கள்.

பதில்: நூல், பம்ப் உதிரிபாகம், இணைய வணிகப் பார்சல் என்று அந்தப் பக்கம் குடோனுக்குத் தேவை இருப்பது உண்மை. ஆனால் "பக்கத்தில்" என்றால் எவ்வளவு பக்கம்? 40 அடி கண்டெய்னர் லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து உங்கள் தோப்பு வாசல் வரை ஓட்டி வரச் சொல்லுங்கள். எங்கே திரும்ப முடியாமல் பின்னால் எடுக்கிறது, எந்த மின்கம்பியில் தட்டுகிறது என்று கண்ணால் பாருங்கள். லாரி திரும்பாத இடத்தில் எவ்வளவு நல்ல குடோன் கட்டினாலும் உள்ளூர்க்காரர் மூட்டை அடுக்கத்தான் எடுப்பார். நிலப் பயன்பாட்டு மாற்றம், கட்டட அனுமதி இரண்டும் கைக்கு வந்து, எடுப்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே மரத்தைத் தொடுங்கள். காய்க்கிற தென்னை, அவசரத்தில் வெட்டிவிட்டால் திரும்ப வராது.

கேள்வி (சேலைக் கடை தொடங்கப் போகிறவர்): ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் முதல் மாடியா, குறுக்குத் தெருவில் தரைத்தளமா? வாடகை ஒன்றுதான்.

பதில்: தரைத்தளம், அம்மா. புதுக் கடையைத் தேடி யாரும் படியேற மாட்டார்கள், அதிலும் வயதான மாமியாரோடு வருகிறவர்கள். பெயர் பரவிய பிறகு மாடிக்குப் போகலாம். வாசலில் இரண்டு கார் நிற்க இடம் இருக்கிறதா என்று சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பாருங்கள். காலையில் காட்டும் இடத்தை நம்பாதீர்கள்.

கேள்வி (சிங்காநல்லூர்): பேக்கரிக்குக் கடை முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் சாவி வாங்குகிறேன் அண்ணா. எதையாவது விட்டுவிட்டேனா?

பதில்: மின் இணைப்பு. நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவருக்குப் பேக்கரிக்கென்று கடை முடித்துக் கொடுத்தேன். அளவு, வாடகை, தண்ணீர் எல்லாம் பார்த்தேன். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஓவன் இறங்கிய அன்றுதான் அங்கே இருப்பது அதைத் தாங்காத ஒருமுனை இணைப்பு (சிங்கிள் பேஸ்) என்று தெரிந்தது. மும்முனை இணைப்புக்கு விண்ணப்பித்தால், கேட்ட ஆவணங்கள் கட்டடத்துக்கு இல்லை. மூன்று மாதம் ஓவன் உறை பிரிக்காமல் நின்றது, அவர் வாடகை கட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது என் கவனக்குறைவால். அன்றிலிருந்து நான் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது மீட்டர் பெட்டியைத்தான்.

சாவி வாங்குமுன் மீட்டர் அளவைப் படம் எடுங்கள். மின் கட்டணம், சொத்து வரி, குடிநீர் மூன்றிலும் பாக்கி இல்லை என்ற ரசீதுகளைக் கேளுங்கள். அது வணிகப் பயன்பாட்டு இணைப்பா, எத்தனை கிலோவாட் என்பதைக் கட்டண ரசீதில் பாருங்கள். அந்த ரசீதையும் உங்கள் ஓவன், குளிர்பெட்டி இவற்றின் வாட் அளவையும் நாளைக்குள் அனுப்புங்கள். போதுமா என்று கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் மீதியைக் கொடுக்காதீர்கள்.