பாக்கெட்டில் இருக்கும் பெயர் யாருடைய சொத்து? ஆடிட்டரிடம் கேள்வி பதில்

கம்பம்: அண்ணே, ஏலக்காய் பாக்கெட் போடுறோம், பிராண்டுக்கு நல்ல பேர் இருக்கு. பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாமா?

முடியாது. நீங்களே வளர்த்த பெயருக்கென்று ஆன செலவைத் தனியே பிரித்துக் காட்ட வழியில்லை என்பதால் கணக்கியல் விதி அதை ஏற்பதில்லை, லேபிள், விளம்பரம் எல்லாம் அந்தந்த வருஷச் செலவாகவே போய்விடும். ஆனால் நாளைக்கே கொச்சிக்காரர் ஒருவர் அந்தப் பெயரை 40 லட்சத்துக்கு வாங்கினால் அவர் கணக்கில் 40 லட்சம் சொத்தாக ஏறும், வருமான வரியில் 25 சதவீதம் தேய்மானமும் (வருஷா வருஷம் சொத்து மதிப்பில் கழித்துக்கொள்ளும் செலவு) எடுப்பார். பெரிய கம்பெனிகளின் பங்குச்சந்தை மதிப்பு, கணக்குப் புத்தகத்தில் காட்டும் மதிப்பைவிட எங்கோ உயரத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது கிடக்கட்டும், ட்ரேட்மார்க், அதாவது பிராண்ட் பெயரின் சட்டப் பதிவு, யார் பெயரில் இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்.

குமுளி: கடையோடு பிராண்டையும் வாங்குகிறேன். மொத்தமாக குட்வில் என்று எழுதலாமா?

வேண்டாம். குட்வில், அதாவது கடையின் பொதுவான நற்பெயருக்குக் கொடுக்கும் விலை, அதற்கான தேய்மானத்தை 2021 நிதிச் சட்டம் எடுத்துவிட்டது, ட்ரேட்மார்க்குக்கு இன்னும் உண்டு. எதற்கு எவ்வளவு என்று மதிப்பீட்டு அறிக்கையோடு பிரித்து எழுதுங்கள். விற்பவர் பெயரில்தான் பதிவா என்றும் பாருங்கள்.

தேனி: பிராண்டை வைத்து பேங்கில் கடன் கிடைக்குமா சார்?

கஷ்டம். கடனுக்கு ஈடாக இருந்த கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் ட்ரேட்மார்க்குகளை 2016 ஏப்ரலில் வங்கிகள் ஏலம் விட்டன. ஆரம்ப விலை 366.70 கோடி, கேட்க ஆளே வரவில்லை. தோட்டம் ஜப்தியானாலும் காய்க்கும், விமானம் நின்றால் அந்தப் பெயரை யார் வாங்குவார்?

போடி: பேராவது ஒண்ணாவது. ஏலம் விடுற இடத்தில் 8 எம்எம் பருமன் காய்தான் பேசும்.

வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். போடி, புற்றடி ஏல மையங்களில் காயைத்தான் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதே காய் 50 கிராம் பாக்கெட்டில் சென்னைக்குப் போனால் அங்கே யார் எம்எம் அளக்கிறார்கள்? லேபிளைப் பார்த்து எடுக்கிறார்கள். நடுவில் ஏறும் விலை லேபிள்காரருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

போடி: அப்போ ஆலப்பி பச்சை ஏலக்காய்னு போட்டுட்டாப் போச்சு.

அது புவிசார் குறியீடு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்ததே, அதே வகை. அந்தப் பகுதி விளைச்சலாக இருந்து, நீங்களும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருந்தால் போடலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ சட்டம் விடாது, அது ஊர்ச் சொத்து. உங்களுக்கென்று வேண்டுமானால் தனி ட்ரேட்மார்க், மசாலாவுக்குப் பதிவில் 30-ஆம் வகுப்பு, 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கூடலூர்: பிராண்டை பேலன்ஸ் ஷீட்டில்...

முதல் பதிலைப் படியுங்கள்.

உத்தமபாளையம்: லேபிள் அடிக்கக் கொடுத்த மச்சான் தன் பேரிலேயே பதிஞ்சுட்டார் சார்.

தொண்டை வறளக் கத்துவது இதற்குத்தான். உறவு நன்றாக இருக்கும்போதே உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி ட்ரேட்மார்க் பதிவகத்தில் ஏற்றிவிடுங்கள். தர மறுத்தால் வக்கீலிடம் போங்கள், அது என் வேலை இல்லை.

சின்னமனூர்: கிரிப்டோ வாங்கலாமா?

வேறு ஆளைக் கேளுங்கள்.