வியர்த்துக் கொட்டியும் புழுக்கம் தீராதது ஏன்?

கேள்வி: வியர்வை உடலைக் குளிர்விக்கிறது என்று பள்ளியில் படித்தோம். சென்னையில் மே மாதம் சட்டை நனைய வியர்த்தும் புழுக்கம் தணிவதில்லையே, ஏன்?

மதுரையிலிருந்து முதன்முறை சென்னைக்கு வந்த கோடையில் எனக்கும் இதே கேள்விதான். வெயில் மதுரையிலும் குறைவில்லை. ஆனால் அங்கே இவ்வளவு வியர்வையை நான் என் உடம்பில் பார்த்ததே இல்லை. பாடத்தில் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அதன் பொருள் அப்போதுதான் புரியத் தொடங்கியது. வியர்ப்பது வேறு, வியர்வை உலர்வது வேறு. உடலைக் குளிர்விப்பது இரண்டாவதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் விநாடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 ஜூல். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் ஒரு டிகிரி சூடேற சுமார் 2,10,000 ஜூல் போதும். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் ஒரே மணி நேரத்தில் 37 டிகிரி 38.7 ஆகிவிடும். காய்ச்சலுக்குக் கிருமியே தேவையில்லை!

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை வெப்பம் தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்றும் தோல் அளவுக்குச் சூடாகிவிட்டால் மிஞ்சுவது வியர்வை மட்டுமே. மூளையின் ஹைப்போதலாமஸ் ஆணையிட, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சுரப்பிகள் நீரைச் சுரக்கின்றன. அதில் ஒரு கிராம் ஆவியானால் தோலிலிருந்து சுமார் 2,400 ஜூல் போகும். மேலே சொன்ன 3,60,000 ஜூலை வெளியேற்ற 150 கிராம் வியர்வை போதும், அது முழுவதும் ஆவியானால்.

சென்னையில் சிக்கல் அந்த 'ஆவியானால்' என்ற இடத்தில்தான். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிராததால் மூளை மேலும் சுரக்கச் சொல்கிறது. முதுகில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை என்றே சொல்லலாம். துணியின் ஈரம் ஆவியாவதால் குளிர்ந்து காட்ட வேண்டிய, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், திடகாத்திரமானவர் நிழலில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. வறண்ட 40 டிகிரியைவிட ஈரமான 35 டிகிரிக்கு நான் அதிகம் பயப்படுவது இதனால்தான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று 1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் செய்த சோதனை. நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேற்றிய வறண்ட அறைக்குள் அவரும் நண்பர்களும் சில நிமிடங்கள் இருந்து நலமாக வெளியே வந்தார்கள். அதே அறையில் வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துவிட்டன. திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் மட்டும் கொதிக்கவே இல்லை. அதன்மேல் சிறிது எண்ணெய் விட்டார்கள். ஆவியாவது தடைபட்டது, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. எத்தனை அழகான சோதனை! சென்னையின் ஈரக்காற்று நம் தோலுக்குச் செய்வதும் ஏறக்குறைய அந்த எண்ணெயின் வேலைதான்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு கையை மணிக்கட்டு வரை பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தளர்வாகக் கட்டி, பத்து நிமிடம் இருக்கச் சொல்வேன். பைக்குள் கை நசநசவென்று நனைந்து புழுங்கும். பிறகு பையைக் கழற்றி மின்விசிறிக்கு நேராக அந்தக் கையை நீட்டச் சொல்வேன். "ஜில்லென்று இருக்கிறது!" என்று கத்துவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள், உலர்ந்த மற்றொரு கையையும் பக்கத்தில் நீட்டி ஒப்பிடச் சொல்லுங்கள்.