பட்டாளத்துப் பூட்டனைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

விக்டோரியா ராணி காலத்தில் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து பர்மா, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), எகிப்து என்று போனவர்களின் வாரிசுகள் மதுரை வட்டாரத்திலிருந்து கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

திருமங்கலம்: சார், எங்கள் வீட்டை ஊரில் இன்னமும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். தாத்தாவின் அப்பா பர்மா சண்டைக்குப் போனாராம். பெயரைத் தவிர எதுவும் தெரியாது. எங்கே தொடங்குவது?

வயதுக் கணக்கில் தொடங்குங்கள். உங்கள் தாத்தா 1935 வாக்கில் பிறந்தவர் என்றால் அவருடைய அப்பா 1905-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். அவர் பார்த்த பர்மா சண்டை 1942–45. 1885 நவம்பரில் பர்மாவின் தலைநகர் மாண்டலேயைப் பிடித்து அந்நாட்டு மன்னர் திபாவை இறக்கிய படையில் ஒருவர் இருந்திருக்க வேண்டுமானால் 1868-க்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். வீட்டுப் பேச்சில் ஒரு தலைமுறை விட்டுப்போவது சகஜம். கணக்குப் போடாமல் இறங்கினால் தப்பான சண்டையின் மெடல் பெற்றவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து ரெஜிமெண்ட் எண், அதாவது அவர் இருந்த பட்டாளத்தின் எண். அது இல்லாமல் வெறும் ‘முத்துச்சாமி’யை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த ஆவணக் காப்பகத்தையும் தட்ட முடியாது. எண் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கிடைக்கும். மெடல், டிஸ்சார்ஜ் தாள், பென்ஷன் காகிதம் எதுவும் இல்லையென்றால் பழைய கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். ‘பென்ஷன் ஹவில்தார் இன்னார் குமாரன்’ என்று எழுதியிருந்தால் பதவி தெரிந்துவிடும். சிலவற்றில் பட்டாளத்தின் பெயரும் இருக்கும். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரியான முதலாம் அட்டவணையில் தேடச் சொல்லி நகல் மனு போடுங்கள். சர்வே எண் தெரிந்தால் இரண்டாம் அட்டவணை.

மேலூர்: ஒரு வெள்ளி மெடல் இருக்கிறது. முன்னால் ராணி தலை. பின்னால் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு ஒரு தேவதை மாலை சூட்டுகிறாள். கறுத்துப்போயிருக்கிறது. அம்மா புளி போட்டுத் தேய்க்கலாமா என்கிறார்கள்.

தயவுசெய்து தடுத்துவிடுங்கள். புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது முகமல்ல, ஓரம். சுமார் 36 மில்லிமீட்டர் அகல வட்டத்தின் விளிம்பில், மெல்லிய சாய்வெழுத்தில் சிப்பாய் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் நான்கும் பொறித்திருக்கும். அந்த வெட்டு மயிரிழை ஆழம்தான். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அதுதான். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து வரும். கறுப்பு உங்களுக்கு உதவிதான். எழுத்தின் குழியில் அது தங்கியிருக்கும்.

நீங்கள் சொல்வது 1854-ல் ஏற்படுத்திய இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல். ஒரே மெடலைப் பல சண்டைகளுக்கும் கொடுத்தார்கள். எந்தச் சண்டை என்பதை ரிப்பனின் மேல் இருக்கும் பட்டைதான் சொல்லும். ‘பெகு’ என்றால் 1852–53 பர்மா சண்டை. ‘பர்மா 1885–7’ என்றால் மாண்டலேயும் அதைத் தொடர்ந்த சண்டைகளும். பட்டை உடைந்து போயிருந்தால் ரெஜிமெண்ட் அந்தந்த வருஷம் எங்கே இருந்தது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதே மெடல் சில வீடுகளில் வெண்கலத்தில் இருக்கும். போலி என்று ஒதுக்க வேண்டாம். டோலி தூக்கியவர், கோவேறு கழுதை ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர் ஆகிய துணையாட்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். அவர்களை ரெஜிமெண்ட் பட்டியலில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள்; போக்குவரத்து, கமிசேரியட் (உணவுப் பொருள் வழங்கல்) பிரிவுகளின் பட்டியலையும் பாருங்கள்.

சோழவந்தான்: எங்களிடம் ஐந்து முனை வெண்கல நட்சத்திரம். நடுவில் பிரமிடு, சிங்க உடம்பில் மனிதத் தலை, அரபி எழுத்து. விளிம்பில் பெயரே இல்லையே?

இருக்காது. அது எகிப்தின் ஆட்சியாளரான கெதிவ் கொடுத்த நட்சத்திரம். பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். அதை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கூடவே விக்டோரியா ராணியின் வெள்ளி எகிப்து மெடல் ஒன்று கிடைத்திருக்கும். பங்காளி வீடுகளில் விசாரியுங்கள், பெயர் அதில் இருக்கும். நட்சத்திரத்தில் 1882 என்றிருந்தால் எகிப்தில் டெல்-எல்-கெபிர் சண்டை நடந்த வருஷம். 1884–6 என்றிருந்தால் செங்கடல் ஓரத்துச் சுவாகின். அங்கேதான் 1885 மார்ச்சில் டோஃப்ரெக் சண்டை. தமிழர் என்றால் முதலில் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையின் பட்டியலைப் பாருங்கள். அதன் வாரிசான மதராஸ் எஞ்சினியர் குரூப் இன்றும் பெங்களூரில் இருக்கிறது. காலாட்படை ரெஜிமெண்டுகள் பல கலைக்கப்பட்டுவிட்டதால், எழுதிக் கேட்க ஓர் இடம் இருப்பதே உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

வாடிப்பட்டி: மெடலில் ‘12 மதராஸ் இன்ஃபண்ட்ரி’ என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் பஞ்சாபிப் படை என்று வருகிறது. எது சரி, அண்ணே?

இரண்டும் சரி. மதராஸ் ராணுவம் தனி ராணுவமாக 1895 வரை இருந்தது. 1903-ல் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கிச்சனர் மறுஎண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படை எண்களோடு 60 சேர்த்தார்கள். 3-ஆவது மதராஸ் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி ஆயிற்று, 13-ஆவது 73-ஆவது கர்நாடிக் ஆயிற்று. ஆனால் உங்கள் 12-ஆவது, பர்மாவில் இருந்தபோதே 1890-களின் தொடக்கத்தில் தமிழ் ஆட்களைக் கழித்துவிட்டு வடக்கத்தி ஆட்களை நிரப்பிய பட்டாளங்களில் ஒன்று. அதனால் 72-ஆவது பஞ்சாபிகள் என்று மாறியது. இந்த மாதிரிப் பட்டாளத்தில் உங்கள் பூட்டன் 1886-ல் இருந்து 1893-ல் பெயரே இல்லையென்றால் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உசிலம்பட்டி: மெடல் பட்டியலின் படம் கிடைத்துவிட்டது. கருப்பன் என்ற பெயரே இல்லை.

‘கர்ப்பன்’, ‘கர்ப்பென்’ என்றெல்லாம் வாசித்துப் பாருங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். உகரத்துக்கு இரட்டை ‘ஓ’, சாமிக்கு ‘சாமி’யோடு ஒரு ‘டபிள்யூ’, பெருமாளுக்குப் ‘பெர்மால்’. முதலெழுத்தை மட்டும் நம்பி அகரவரிசையில் தேடினால் தவறும். அந்த ரெஜிமெண்டின் பக்கங்களை முழுக்க வாய்விட்டுப் படிப்பதுதான் ஒரே வழி. தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஆகவே ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் சிப்பாய் எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும். குறிப்புப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ‘இறந்தார்’, ‘பென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு ஆயுளே அடங்கியிருக்கும்.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம் 1910 வரை மதுரை ஜில்லாதான். திண்டுக்கல் 1985 வரை, தேனி 1996 வரை.

அருப்புக்கோட்டை: இந்தப் பட்டியல்கள் எங்கே இருக்கின்றன? லண்டன் போகணுமா?

நம் ரெஜிமெண்டுகளின் மெடல் பட்டியல்கள் பெரும்பாலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், எல்/மில்/5 வரிசையில் இருக்கின்றன. லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 வரிசை முக்கியமாக வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்கானது. எல்/மில்/11 ‘மதராஸ் ராணுவ ஆவணங்கள்’ என்ற தலைப்பைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு. அதில் இருப்பதும் பெரும்பாலும் ஐரோப்பியர் விவரமே. சிப்பாயின் தனி விவரத்தை ரெஜிமெண்டே ‘லாங் ரோல்’ என்ற பேரேட்டில் வைத்திருந்தது. பட்டாளம் கலைந்தபோது அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரி என்றால் ஆர்மி லிஸ்ட் என்ற அதிகாரிகள் பட்டியல் புத்தகங்களில் பதவி தேதியோடு பெயர் வரும். இங்கே எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைத் தொகுதிகள் உள்ளன. அட்டவணைத் தொகுதியை முதலில் கேளுங்கள். நேராக மூலத் தொகுதி கேட்டால் நாள் வீணாகும்.

பெரியகுளம்: பாட்டியின் அம்மா பர்மாவில் தயெட்மியோவில் பிறந்தவராம். சிப்பாய் குடும்பத்தோடு போவாரா?

மதராஸ் ராணுவத்தில் அது வழக்கம்தான். ரெஜிமெண்ட் லைன் என்ற பட்டாளக் குடியிருப்பிலேயே குடும்பம் இருக்கும். மகன் ‘ரிக்ரூட் பாய்’ என்று சம்பளத்தில் எழுதப்பட்டு அதே பட்டாளத்தில் சேர்வதும் உண்டு. அதனால் பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதி, அந்தந்த வருஷம் அங்கே இருந்த ரெஜிமெண்ட் எது என்று பொருத்திப் பாருங்கள். பெங்களூர், செகந்திராபாத், தயெட்மியோ என்று மூன்று ஊர் கிடைத்தால் ரெஜிமெண்ட் எண் ஏறத்தாழ வந்துவிடும்.

நத்தம்: எங்கள் நிலம் பட்டாளத்து மானியம் என்கிறார்கள். பசலி 1295 ரசீது இருக்கிறது.

பசலி என்பது நிலவரி ஆண்டு; அதோடு 590 கூட்டுங்கள்: 1885 ஜூலை முதல் 1886 ஜூன் வரை. மானியம் எதற்காக என்பது 1860-களின் இனாம் பதிவேட்டில் இருக்கும். ‘கட்டுபடி’ ஊழியத்துக்கு என்று இருந்தால் அது பாளையக்காரர் காவல் ஆட்களுக்கானது, கம்பெனி ராணுவமல்ல.

திண்டுக்கல்: நாங்கள் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் லண்டன் பதிவில் இருக்குமா?

அங்கே இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுடையவை. உங்கள் பங்குக் கோயில் பேரேட்டைப் பாருங்கள். மதுரை மிஷன் பற்றி கொடைக்கானல் செண்பகனூர் இயேசு சபை காப்பகத்தில் விசாரியுங்கள்.

மதுரை, சிம்மக்கல்: மெடலை லண்டன் ஏலத்துக்கு அனுப்பினால் நல்ல விலை வருமாமே?

100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தபாலிலும்தான். அடையாளம் காண விளிம்பின் படமே போதும், மெடல் வீட்டிலேயே இருக்கட்டும்.