தமிழ் டொமைன் பெயரை (இணைய முகவரியை) ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றும் நிரல் எழுதினால் காப்புரிமைச் (பேட்டன்ட்) சிக்கல் வருமா?

கல்லூரி ப்ராஜெக்டுக்கோ சின்ன கம்பெனிக்கோ எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக எழுதுங்கள். காப்புரிமை இருக்கிறது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருந்தால், அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இப்படி மாற்றுவது பற்றிய 6,182,148 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமைதான். மிச்சிகனில் இருந்த வாலிட் நிறுவனத்துக்கு 2001 ஜனவரியில் கிடைத்தது. ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். 2001க்கு முன்பே விண்ணப்பித்தது என்பதால் அது எப்போதோ முடிந்துவிட்டது.

அதே எண்ணால் நான் ஒருமுறை அடிபட்டவன். 2002, சென்னையில் எட்டே பேர் உள்ள ஆபீஸ். தமிழில் அடித்த முகவரியைச் சீராக்கி, ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டுமே உள்ள சரமாக்கி டிஎன்எஸ்ஸுக்கு (முகவரிப் பெயருக்கு உரிய கணினி எண்ணைத் தேடித் தரும் இணைய அமைப்பு) அனுப்ப வேண்டும். 'கொ'வுக்கே இரண்டு வாரம் போனது. ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடாகவும் அடிக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பெயர். மூன்று மாதத்தில் முடித்தேன். அப்புறம் அமெரிக்க வாடிக்கையாளரின் வக்கீலிடமிருந்து மின்னஞ்சல்: இந்த மாற்றத்தைப் பயனர் கணினியிலேயே செய்வது அந்தக் காப்புரிமைக்குள் வரலாமாம். "வரலாம்" என்ற ஒரு சொல்தான். அன்று மாலையே மேனேஜர் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆபீஸில் ஒருவரும் அந்த ஆவணத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் படித்தேன், பாதி புரியவில்லை.

இத்தனைக்கும் வாலிட் தன் காப்புரிமையைப் பற்றி, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஇடிஎஃப்பிடம் முறைப்படி அறிவித்திருந்தது. காப்புரிமை செல்லுமா என்று ஐஇடிஎஃப் தீர்ப்பு சொல்லாது. அறிவிப்பை எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு, முடிவைப் பணிக்குழுவிடம் விட்டுவிடும். குழு நிற்கவில்லை. 2003 மார்ச்சில் இதற்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 3490 வந்தது, கூடவே பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துச் சரமாக்கும் ப்யூனிகோடு முறைக்கு 3492. 3492ஐ எழுதிய ஆடம் காஸ்டெல்லோ, மற்றவர்களின் அதே உரிமையைக் குறைக்காத எந்த விதத்திலும் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று அதன் பின்னிணைப்பிலேயே எழுதிவைத்தார். அது அவர் எழுதியதற்கு மட்டும்தான், அடுத்தவன் காப்புரிமைக்கு அல்ல. தெரியும், சட்டம் படித்தவர்கள் பாய வேண்டாம். நான் வக்கீலும் இல்லை. என் நிரல் மட்டும் ஒரு சிடியில் தூங்குகிறது.

சம்பந்தமில்லாத ஒரு ஆதங்கம்: 2007இல் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பினர் பல எழுத்துமுறைகளில் 11 சோதனை முகவரிகள் விட்டார்களே, தமிழில் 'உதாரணம்.பரிட்சை'. பரீட்சை ஐயா, நெடில்! அப்படியும் எழுதுவார்கள் என்று யாரும் வராதீர்கள். உலகத்துக்கே காட்டும் பெயரை ஒரு தமிழ் வாத்தியாரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

சரி, உங்கள் நிரலில் 'கொ'வை இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.