ஆழ்கடல் சுரங்கம்: எவ்வளவு கலங்கலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: ஆழ்கடல் தரையில் கிடக்கும், நிக்கல் போன்ற உலோகங்கள் அடங்கிய உருண்டைகளை அள்ளும் கடலடிச் சுரங்கத்துக்குச் சூழல் வரம்பை யார் வகுக்கிறார்கள்?

பதில்: எந்த நாட்டுக்கும் சேராத கடலடி என்றால், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்படுகை ஆணையம். நச்சு, கலங்கலும் வண்டல் படிவும், ஒலி-ஒளி என மூன்று தலைப்பில் வரம்பு வகுக்கும் வேலை நடக்கிறது. யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எங்கே வைத்து அளந்த எண் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: பேட்டரிக்கு நிக்கல் வேண்டாமா சார்?

பதில்: வேண்டும்தான். அது சந்தை சமாசாரம், என் துறை வண்டல்.

கேள்வி: துறைமுகத்தில் தூர்வாரும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்குக் கலங்கல் வரம்பு உண்டு, தாண்டினால் நிறுத்துவோம். அதையே அங்கேயும் போட்டால் என்ன?

பதில்: முறையை எடுத்துக்கொள்ளலாம், எண்ணை எடுக்கக் கூடாது. துறைமுகத் தண்ணீர் அலைக்கும் மழைக்கும் கலங்கிப் பழகியது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், 4000 மீட்டருக்குக் கீழே, ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வண்டல்தான் படிகிறது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் கடற்பஞ்சுகளுக்கு அங்கே உணவே அபூர்வம். அதில் சேறும் வந்து அடைத்தால்?

பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல், சுரங்கத்தின் பாதிப்பை அறியும் டிஸ்கால் என்ற அறிவியல் சோதனைக்காகக் கடலடியை உழுதார்கள். 2015-ல் போய்ப் பார்த்தால் தடம் அப்படியே கிடந்தது, நுண்ணுயிர்களின் செயல்பாடும் மீளவில்லை.

கேள்வி: அதே கிளாரியன்-கிளிப்பர்டனில் 2021-ல் சுரங்க எந்திரத்தை ஓட்டிப் பார்த்த சோதனையில் சேறு மேலே எழவே இல்லை என்றார்களே? (தூர்வாருபவர்தான்)

பதில்: பெரும்பாலும் சரிதான். 92 முதல் 98 விழுக்காடு, தரையிலிருந்து 2 மீட்டருக்குள் தங்கிவிட்டது. ஆனால் தரையை ஒட்டி வாழும் உயிர்களும் அந்த 2 மீட்டரில்தானே இருக்கின்றன! கருவியை 5 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள், தண்ணீர் தெளிவு என்றே காட்டும். எங்கே அளந்தது என்று அதனால்தான் கேட்கிறேன்.

கேள்வி: உருண்டைகள் இருட்டில் ஆக்ஸிஜன் உண்டாக்குகின்றனவாமே?

பதில்: 2024-ல் வந்த ஆய்வு. கடும் மறுப்பு இருக்கிறது. இங்கே தொடங்காதீர்கள்.

கேள்வி: நிக்கல் இல்லாமல் மின்வண்டி எப்படி ஓடும்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இந்தியா?

பதில்: மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் ஒப்பந்தப் பரப்பு. சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் வராகா என்ற கடலடிச் சுரங்க எந்திரத்தைச் சோதித்தது.

கேள்வி: அப்போ வரம்பு பூஜ்யமா? நேராகச் சொல்லுங்கள். (மறுபடி தூர்வாருபவர்)

பதில்: இல்லை. எந்திரம் ஏறிய இடத்தில் உயிர்கள் அழியும், அந்த உருண்டைகள்தான் பலவற்றின் வீடு. அவை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அங்கே கலங்கல் வரம்பு எதற்கும் உதவாது. வரம்பு என்பது, சுரங்கம் நடக்கும் இடத்துக்கு வெளியே உள்ள உயிர்களுக்கு. எத்தனை கிலோமீட்டர் தள்ளி, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், வேலை தொடங்குமுன் அதே இடம் எப்படி இருந்தது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். கீழ் எண்ணைத் தொட்டால் வேகம் குறைய வேண்டும், மேல் எண்ணைத் தொட்டால் நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்பவர் யார்? உங்களிடம் யார்?

கேள்வி: ஆய்வாளர் படகில் வருவார்.

பதில்: இது கரையிலிருந்து நாள்கணக்கில் போகும் இடம். கருவியின் அளவீடு ஒப்பந்ததாரரின் கணினிக்கு மட்டும் போனால் அவர் சொல்வதுதான் கணக்கு. ஆணையத்துக்கும் அதே நேரத்தில் போக வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும்.