பால் சொசைட்டி மெஷினைப் பற்றிக் கேட்ட பெண்ணைப் பிசிக்ஸ் படிக்க வையுங்கள்

அண்ணா, போன வாரம் நீங்களும் உங்கள் மச்சானும் உங்கள் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரியில் என் அறைக்கு வந்து போனதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பயப்படாதீர்கள், நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. பாலக்கோட்டு நிலத்தை அடமானம் வைத்து, வெளியூர்த் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்குவது தவறு. செய்யாதீர்கள்.

சொந்தத்தில் நாலு பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள் என்றார் மச்சான். படிக்கட்டும். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் எதற்கு? முக்கால் மணி நேரத்தில் பாப்பா வாயைத் திறந்தது ஒரே தடவை. பால் சொசைட்டி மெஷினில் கொஞ்சம் பால் ஊற்றினால் உடனே கொழுப்பு எவ்வளவு என்று எப்படிக் காட்டுகிறது என்று கேட்டாள். மச்சான் பேச்சை மாற்றினார், நானும் விட்டுவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த மாதிரி மெஷின்கள் பல, காதுக்குக் கேட்காத ஒலியைப் பாலுக்குள் அனுப்பிப் பார்க்கின்றன. கொழுப்பு மாறினால் ஒலி போகும் வேகமும் மாறும். ஒலியை வைத்து அளக்கும் இந்த யோசனை, நகத்தின் அளவுள்ள சில்லிலும் (சிப்) வேலை செய்யும். அதுதான் மேற்பரப்பு ஒலியலை சென்சார். குவார்ட்ஸ் என்ற படிகத் தகட்டின் மேல், இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது போல மெல்லிய உலோகக் கோடுகள் போடுகிறார்கள். மாறுமின்னோட்டம் கொடுத்தால் படிகம் அதிரும். தகட்டின் மேல்தோலை ஒட்டியே ஓர் அலை ஓடும், நொடிக்கு ஏறத்தாழ 3,150 மீட்டர் வேகத்தில். நொடிக்குப் பத்துக் கோடி அதிர்வு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் சுமார் 32 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. எதிர்முனையில் இன்னொரு சீப்பு அதை வாங்கி மறுபடி மின்சாரமாக்கும். நடுவில் ஒரு பாலிமர் பூச்சு. காற்றிலுள்ள ஆவியைப் பூச்சு உறிஞ்சினால் கொஞ்சூண்டு எடை கூடும், அலை தளரும், அதிர்வெண் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து எவ்வளவு வாயு என்று சொல்லலாம். வெவ்வேறு பூச்சுள்ள சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வாயு என்றும் பிரித்துவிடலாம்.

திரவத்தில் இது அப்படியே நடக்காது. மேலும் கீழும் ஆடும் அலை, தண்ணீர் பட்டதும் தன் சக்தியை அதற்குள் கொட்டிவிட்டு அடங்கிவிடும். அதனால் லித்தியம் டான்டலேட் போன்ற படிகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்டி, பக்கவாட்டில் ஆடும் அலையை எழுப்புகிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பாப்பாவுக்கும் பிடிக்கும்.

இந்த மேற்பரப்பு அலையை ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1885இல் கணக்கில் காட்டினார். சீப்பு முறையை 1965இல் அமெரிக்காவில் வைட், வோல்ட்மர் இருவரும் செய்து காட்டினார்கள். 1979இல் அது ஆவியை உணரும் கருவியானது. மொபைல் போன்களில் சிக்னலைப் பிரிக்கும் ஃபில்டர்களிலும் இந்தச் சீப்புதான். ஆகவே இதெல்லாம் லேபோடு நின்றுவிடும் என்று மச்சான் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, வழி என்ன? தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். இரண்டாம் ஆண்டிலிருந்தே ஐஐடி எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வான ஜாமுக்குப் படிக்க வேண்டும்: மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதில் தேறினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கி ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பாலக்கோடு வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் பெங்களூரு. அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் நானோ அறிவியல் மையமும், சில்லு செய்யும் தூசியில்லாத கூடமும் இருக்கின்றன. பி.எஸ்சி. முடித்த மறுநாளே வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி. வரைக்கும் ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். எட்டாவது மாதத்திலேயே "இன்னும் படிக்கிறாளா" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிலத்தை அடமானம் வைத்தால் ஒன்பதாவது படிக்கும் தம்பிக்கு எதை வைப்பீர்கள்? பாப்பா ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பொறியியல்தான் வேண்டுமென்று அவளே சொன்னால், கவுன்சிலிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) எடுக்கட்டும், கட்டணத்தை அரசே கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். மச்சான் வர வேண்டாம். பாப்பாவும் நானும் அந்தப் பால் மெஷினைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.