கனடிய வாக்காளர்கள் தங்கள் தேசியத் தலைவர்களை எதை வைத்து எடைபோடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் 2025 தேர்தலை மனதில் வைத்தே கேட்டிருக்கிறார். அந்த ஆண்டு சனவரியில் பல கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி ஏப்ரலில் எப்படித் தோற்றது, லிபரல் கட்சி தலைவரின் முகத்தை மாற்றியதும் மக்கள் மயங்கிவிட்டார்களா என்பது அவருடைய ஐயம். மயங்கவில்லை என்பதே என் எண்ணம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாக்களித்து வருபவன், ஒருமுறை வாக்களிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் என்ற அளவில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

2015 ஒக்டோபரில், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நான் வாக்குச்சீட்டுக் கொடுக்கும் மேசையில் இருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சீட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தம்பி, இதிலை ட்ரூடோவின்ரை பேரைக் காணேல்லையே?" என்று கேட்டார். இந்தத் தொகுதியில் நிற்பவர்களின் பெயர்கள் மட்டுமே சீட்டில் இருக்கும், ஒவ்வொரு பெயரின் கீழும் கட்சியின் பெயர் சிறிதாக இருக்கும் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. அவர் "ஓ" என்று மட்டும் சொல்லி, பென்சிலை எடுத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.

லிபரல் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோவின் பெயரைத் தேடிய அவருடைய குழப்பத்தில் நியாயம் உண்டு. கனடாவில் எவரும் பிரதமருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. பிரதமர் போட்டியிடும் ஒரே ஒரு தொகுதியைத் தவிர வேறெங்கும் அவருடைய பெயர் சீட்டில் இராது. கட்சியின் பெயர்கூட 1970இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகே சீட்டில் இடம்பிடித்தது. இருந்தும், தொகுதி வேட்பாளரின் பெயரை அறியாமலே தலைவரின் முகத்தை நினைத்துப் புள்ளடி போடுகிறவர்கள் ஏராளம்.

2011 தேர்தலில் கியூபெக்கில் இது உச்சத்துக்குப் போனது. அதற்கு முந்தைய தேர்தலில் அங்கே ஒரே ஓர் ஆசனம் மட்டும் வென்றிருந்த புதிய சனநாயகக் கட்சி, 2011இல் 75இல் 59ஐ அள்ளியது. காரணம் அதன் தலைவர் ஜக் லேய்டன். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு ஊன்றுகோலுடன் பிரச்சாரத்துக்கு வந்த அவர், மொன்றியல் பக்கத்தில் வளர்ந்தவருக்குரிய தெருப்பேச்சுப் பிரெஞ்சில் ஒரு ஞாயிறு இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிரித்துப் பேசினார். அந்த அலையில், தன் தொகுதிக்கு ஒருமுறைகூடப் போகாமல், பிரச்சாரக் காலத்தில் லாஸ் வேகாஸ் பயணம் போயிருந்த ரூத் எலன் புரோசோ என்ற இளம் பெண்ணும் வென்றார். (பிறகு அவர் பிரெஞ்சைச் செம்மைப்படுத்தி, தொகுதியில் இறங்கி வேலை செய்து, 2015இல் தன் சொந்தப் பலத்தில் மீண்டும் வென்றார் என்பதையும் சொல்லவேண்டும்.) லேய்டன் அதே ஆண்டு ஓகஸ்டில் இறந்துபோனார். எங்கள் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக வந்ததும் அந்தத் தேர்தலில்தான். ஆனால் அங்கே லேய்டனைவிட, "எங்கடை பிள்ளை நிக்குது" என்பதே பல வீடுகளில் பேசப்பட்டது.

தலைவரை நினைத்தே பலர் வாக்களிக்கிறார்கள் என்றால், எதை வைத்து அவரை எடைபோடுகிறார்கள்? நேர்மை, திறமை, சாதாரண மக்களின் கஷ்டம் தெரிந்தவரா என்றெல்லாம் கருத்துக்கணிப்பாளர்கள் கேட்பார்கள். 1965இலிருந்து நடக்கும் கனடியத் தேர்தல் ஆய்வுகளில் ஒவ்வொரு தலைவருக்கும் வெப்பமானி போல 0 முதல் 100 வரை புள்ளி போடச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில், மக்கள் ஒரு தலைவரைத் தனியே நிறுத்தி அளப்பதில்லை. இந்த நேரத்தில் இருக்கும் பிரச்சினைக்கு, எதிரே நிற்கும் மற்றவரோடு ஒப்பிடும்போது, இவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றே பார்க்கிறார்கள். ஒப்பிடப்படும் ஆளும் பிரச்சினையும் மாறினால் அதே மனிதரின் மதிப்பு ஏறும் அல்லது இறங்கும்.

2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜஸ்டின் ட்ரூடோ இளவயதில் முகத்தில் கறுப்பும் பழுப்பும் பூசி வேடமிட்ட படங்கள் பிரச்சாரத்தின் நடுவே வெளிவந்தன. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான், எஸ்.என்.சி. லவலின் என்ற பொறியியல் நிறுவனத்தின் மீதான வழக்கில் தலையிட்ட விவகாரத்தில் அவர் நெறிமுறைச் சட்டத்தை மீறினார் என்று நெறிமுறை ஆணையர் முடிவு சொல்லியிருந்தார். தனியே வைத்து அளந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் எதிரே நின்ற கன்சர்வேட்டிவ் தலைவர் ஆண்ட்ரூ ஷியர், முன்பு ஓர் ஆளுநர் நாயகத்தின் இரட்டைக் குடியுரிமையைக் கேள்வி கேட்டவர், தானும் அமெரிக்கக் குடியுரிமை வைத்திருந்தது அதே பிரச்சாரத்தில் வெளிப்பட்டுப் பதில் சொல்லத் தடுமாறினார். கன்சர்வேட்டிவ்களுக்கு 34.3 வீதம், லிபரல்களுக்கு 33.1 வீதம் என்று வாக்கில் பின்தங்கியபோதும், 157 ஆசனங்களுடன் ட்ரூடோ சிறுபான்மை அரசு அமைத்தார். மக்கள் அவரை மன்னித்தார்கள் என்று சொல்லமாட்டேன். முந்தைய தேர்தலின் பெரும்பான்மையை அவரிடமிருந்து பறித்தார்கள். ஆனால் சாவியை மற்றவருக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு தலைவரைப் பற்றிய முதல் படம் யார் வரைந்தது என்பது மிகவும் முக்கியம். 1974இல் கன்சர்வேட்டிவ் தலைவர் ரொபேர்ட் ஸ்டான்ஃபீல்ட் நோர்த் பே விமான நிலையத்தில் பந்து எறிந்து விளையாடினார். பல தடவை சரியாகப் பிடித்தார், ஒரு தடவை நழுவவிட்டார். நழுவவிட்ட படம்தான் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. 2006 இறுதியில் ஸ்டெபான் டியோன் லிபரல் தலைவரானதும், தேர்தல் அறிவிக்கப்படாத காலத்திலேயே "இவர் தலைவர் அல்ல" என்ற கன்சர்வேட்டிவ் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிவிட்டன. அடுத்து வந்த மைக்கேல் இக்னாட்டியெப்புக்கு, பல பத்தாண்டுகள் வெளிநாடுகளில் பேராசிரியராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்ததைப் பிடித்துக்கொண்டு, "சும்மா வந்துபோகிறவர்" என்ற முத்திரை. மனிதர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கு முன்பே எதிராளி அறிமுகப்படுத்தி முடித்துவிட்டார். 2011இல் லிபரல்கள் 34 ஆசனங்களுக்குச் சுருங்கினார்கள். இக்னாட்டியெப் தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார்.

ஆனால் இந்த வித்தைக்கும் ஓர் எல்லை உண்டு. 1993இல் ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி, சிறுவயதில் வந்த முகவாதத்தால் வாய் ஒருபக்கம் கோணிய லிபரல் தலைவர் ஜோன் கிரெட்சியனின் முகத்தை நெருக்கத்தில் காட்டி ஒரு விளம்பரம் வெளியிட்டது. எழுந்த எதிர்ப்பில் அதை உடனே நிறுத்தவேண்டி வந்தது. தான் வாயின் ஒரு பக்கத்தால் பேசுகிறவன், அந்தக் கட்சிக்காரர்களைப் போல இரண்டு பக்கத்தாலும் பேசுகிறவனல்ல என்று கிரெட்சியன் திருப்பிக் கொடுத்தார். அறுதிப் பெரும்பான்மையோடு தேர்தலுக்குப் போன கட்சி இரண்டே ஆசனங்களுடன் திரும்பியது. ஒரு விளம்பரம் மட்டும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. ஜிஎஸ்டி வரியும் வேலையின்மையும் அதற்குள் பாதி வேலையை முடித்திருந்தன. என்றாலும், தலைவர்களைக் கேலி செய்து மகிழும் இந்த மக்கள் உடற்குறையைக் கேலி செய்வதைப் பொறுக்கவில்லை என்பது அன்று தெரிந்தது.

விவாதங்களைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். ஒரே வசனத்தில் தேர்தல் புரண்டது என்று சொல்லத்தக்க உதாரணம் என் அறிவில் 1984 ஒன்றுதான்: முந்தைய பிரதமர் செய்த பதவி நியமனங்களை நிறைவேற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்றார் அப்போதைய லிபரல் பிரதமர் ஜோன் டேர்னர், வழி இருந்தது, மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்று விரலை நீட்டினார் கன்சர்வேட்டிவ் தலைவர் பிரையன் மல்ரோனி. மல்ரோனிக்கு 282இல் 211 ஆசனங்கள் கிடைத்தன. மற்ற ஆண்டுகளில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே எடுத்த முடிவை உறுதிப்படுத்திக்கொள்ளவே விவாதம் பார்க்கிறார்கள். 2025இல் மொன்றியலில் நடந்த பிரெஞ்சு விவாதத்தின் நேரத்தையே, அன்றிரவு மொன்றியல் அணியின் ஹொக்கி ஆட்டம் இருக்கிறதென்று முன்னே தள்ளினார்கள்.

இனி 2025க்கு வருகிறேன். கன்சர்வேட்டிவ் தலைவர் பியேர் பொய்லியேவ் இரண்டரை ஆண்டுகளாக ஒரே இலக்கைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்: ட்ரூடோவும் எரிபொருள் மீதான அவருடைய காபன் வரியும். வீட்டு வாடகையும் மளிகைச் சாமான் விலையும் ஏறிய காலத்தில் அந்தக் குறி தப்பவில்லை. ஆனால் சனவரி 6இல் ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார். மார்ச் 9இல் மார்க் கார்னி லிபரல் கட்சித் தலைவரானார். 14இல் பதவியேற்று, அன்றைக்கே நுகர்வோர் மீதான காபன் வரியை நீக்க உத்தரவிட்டார். 23இல் தேர்தலை அறிவித்தார். வாக்களிப்பு ஏப்ரல் 28. இக்னாட்டியெப்பைப் போலவே கார்னியும் நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவர், இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக ஏழு ஆண்டுகள் லண்டனில் வேலை செய்தவர். ஆனால் அவருக்கு முத்திரை குத்த எதிராளிக்கு ஏழு வாரங்கள்தான் இருந்தன.

அதைவிடப் பெரியது, கேள்வித்தாளே மாறிப்போனது. டொனால்ட் ட்ரம்ப் வரிகளை விதித்து, கனடாவை 51ஆவது மாநிலம் என்று சொல்லத் தொடங்கியதும், "விலைவாசியை யார் குறைப்பார்?" என்ற கேள்விக்குப் பதிலாக "இந்த மனிதரோடு யார் பேசுவது?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. 2008 நிதி நெருக்கடியின்போது கனடிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர் என்ற தகுதி, ஓர் ஆண்டு முன்பு வந்திருந்தால் 'வங்கிக்காரன்' என்ற வசையாகியிருக்கும். இப்போது அதுவே மூலதனமாயிற்று. கியூபெக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கார்னியின் பிரெஞ்சு திக்கித் திணறும் பிரெஞ்சு. தன் கட்சி வேட்பாளர் ஒருவரின் பெயரையும், அவர் காயத்தோடு உயிர்தப்பிய 1989 துப்பாக்கிச் சூடு நடந்த கல்விநிலையத்தின் பெயரையும் மாற்றிச் சொன்னார். வேறொரு ஆண்டில் கியூபெக் மக்கள் அதைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். அந்த ஆண்டு 40க்கு மேற்பட்ட ஆசனங்களைக் கொடுத்தார்கள்.

பொய்லியேவை மக்கள் நிராகரித்தார்கள் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. அவருடைய கட்சி 41.3 வீத வாக்குகளைப் பெற்றது. 1988இல் மல்ரோனி பெற்றதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு அவ்வளவு வாக்கு விழுந்ததில்லை. தன் ஆட்களைத் திரட்டுவதில் அவர் தோற்கவில்லை. தன்னைப் பிடிக்காதவர்களையும் அதே வேகத்தில் திரட்டிவிட்டார் என்பதே கோளாறு. புதிய சனநாயகக் கட்சி 2021இல் எடுத்த 17.8 வீதம் 2025இல் 6.3 வீதமாகக் கரைந்தது. ஆசனங்கள் 25இலிருந்து 7. அதன் அப்போதைய தலைவர் ஜக்மீத் சிங்கை வெறுத்து அவர்கள் போகவில்லை. என் தெருவில் அவரைப் பற்றிக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பார்கள். நல்ல மனிதர் என்ற மதிப்பு அவருக்கு எப்போதும் இருந்தது. பிரதமர் நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. பொய்லியேவும் சிங்கும் தங்கள் சொந்தத் தொகுதிகளில் தோற்றார்கள். பொய்லியேவின் கார்ல்டன் தொகுதியில், ஒரு போராட்டக் குழுவின் ஏற்பாட்டால் 91 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு இருந்தது. அவரை நேரடியாக எடைபோட வாய்ப்புக் கிடைத்தவர்கள் அந்த நீளச் சீட்டிலும் லிபரல் வேட்பாளர் புரூஸ் ஃபன்ஜோயின் பெயரைத் தேடிப் பிடித்தார்கள்.

நன்றி என்பதற்கு இதில் எவ்வளவு இடம் என்று கேட்டால், கொஞ்சம்தான். அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2013இல் மனித உரிமை நிலையைக் காரணம் காட்டிக் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் போகாமல் விட்டார். எங்கள் சமூகத்தில் அதைப் பாராட்டாத வீடில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்காபரோவின் அத்தனை தொகுதிகளும் லிபரல் பக்கம் போயின. அந்தத் தேர்தலுக்கு முதல்நாள் என் சித்தப்பா, "ஹார்ப்பர் செய்ததை நான் மறக்கமாட்டன். ஆனால் ஒரு ஆளுக்குப் பத்து வருசம் போதும்" என்றார். 2024 கோடையில், ட்ரூடோவுக்கும் ஒன்பது ஆண்டுகள் நெருங்கியபோது, அதே கதிரையில் இருந்து அதே வசனத்தைச் சொன்னார், பெயரை மட்டும் மாற்றி. 2025 ஏப்ரலில் மறுபடி லிபரலுக்குப் போட்டுவிட்டு வந்தவரிடம் அதை நினைவூட்டினேன்.

"கட்சிக்கோ சொன்னனான்? ஆளுக்குத்தானே சொன்னனான்" என்றார்.